பதினேழாவது ரொட்டி

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே ஒரே வசனத்தைச் சொல்வார்கள்.

“பாத்து எடும்மா. நூத்துக்கு நூறு ஐரிஷ் ரத்தம்.”

சொல்லிவிட்டு, டிம்ப்னா மெக்கேப் சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அயர்லாந்தில் மொனகன் மாவட்டத்தில் பிறந்து, முப்பது வயதுவரை அங்கேயே இருந்துவிட்டு, சிகாகோவின் தெற்குப் பக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். குழாயில் ஏறும் ரத்தம், சற்று முன்பு எழுந்துபோன போலந்துக்காரரின் ரத்தத்தைப் போலவே சிவப்பாகத்தான் இருக்கும். பஞ்சை வைத்து அழுத்தி, “அஞ்சு நிமிஷம் கைய மடக்கி வெச்சுக்கோங்க” என்பாள்.

அவள் பேச்சைக் கேட்டதும் சிலருக்குச் சந்தேகம் வரும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார்.

“நீ எந்த ஊரும்மா?”

“மொனகன்.”

“அது எங்க இருக்கு?”

“அயர்லாந்துல.”

“அப்படியா? நீ பேசறதக் கேட்டா ஐரிஷ் மாதிரியே இல்லையே” என்றார் அவர், பிறந்ததிலிருந்து சிகாகோவைத் தாண்டாத வாயால்.

மார்ச்சில், அயர்லாந்தின் காவல் புனிதருடைய திருநாள் வரும்போது, இந்த ஊருக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது என்பது டிம்ப்னாவின் முடிவு. வந்த முதல் வருடமே அந்த முடிவுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த மூன்று மார்ச்சுகள் அதை உறுதிதான் செய்தன. சனிக்கிழமை காலையில் படகில் போய் ஆற்றில் சாயப் பொடியைக் கொட்டுவார்கள். பொடி ஆரஞ்சு நிறம், தண்ணீரில் விழுந்ததும் பச்சை. அதைப் பார்க்கக் கரை நெடுகிலும் ஜனம், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பீருமாக. மறுநாள் வெஸ்டர்ன் அவென்யூவில் ஊர்வலம். காலை ஒன்பது மணிக்கே நிற்க முடியாதவர்கள் தெருவோரம் வரிசையாக நிற்பார்கள். நாய்க்குப் பச்சைச் சாயம், தாடிக்குப் பச்சைச் சாயம், பெரிய மனிதர்கள் தலையில் பிளாஸ்டிக் தொப்பி. ‘நான் ஐரிஷ், எனக்கு முத்தம் கொடு’ என்று மார்பில் எழுதிய பனியன்களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அந்தப் பனியன் போட்ட ஒருவனுக்காவது முத்தம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. இத்தனைக்கும் நடப்பது தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது. பண்டிகை வெள்ளிக்கிழமையில் விழுந்தால் உப்பில் ஊறிய மாட்டிறைச்சி தின்ன ஆயரே அனுமதி கொடுத்துவிடுவார். அந்த இறைச்சியையும் அவள் ஊரில் எவரும் அன்றைக்குச் சமைப்பதில்லை.

மொனகனில் அந்த நாளில் காலையில் பூசை. கோட்டில் குத்திக்கொள்ள ஷாம்ராக் என்கிற மூவிலைப் புல், ஈரமாக ஒரு கொத்து. மழையில் இரண்டு டிராக்டரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடைவீதி வழியாகப் போவார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்ப்பார்கள். சொல்லப்போனால் அதுவும் சலிப்பான நாள்தான். ஆனால் அந்தச் சலிப்பு அசல் என்பதில் டிம்ப்னாவுக்குக் கர்வம் இருந்தது.

அவளுடைய கணவன் எம்மெட் டூஹி தீயணைப்பு வீரன். அவனுடைய துறையின் பைப் வாத்தியக் குழு ஒரு கோடையில் மொனகனுக்கு வந்தபோது, கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு ஊதிக்கொண்டே போனவன் வழியில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தம் எடுத்தவள் டிம்ப்னா.

“நானும் ஐரிஷ்தான், தெரியுமா?” என்றான் அவன், ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“இங்க அந்தப் பாவாடைய யாரும் கட்டறதில்ல” என்றாள் அவள்.

அந்த ஒருவனிடம் மட்டும் அவளுடைய ஏளனம் எப்படியோ இளகிவிட்டது. நல்லவன், கள்ளம் தெரியாதவன். ஆனால் அவனோடு ஒரு மாமியாரும் சேர்ந்து வந்தாள்.

லொரேன் டூஹிக்கு அறுபத்தெட்டு வயது. மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள செங்கல் வீட்டில் அவள் கீழே, மகனும் மருமகளும் மாடியில். லொரேன் சிகாகோவில் பிறந்தவள்; அவள் அம்மாவும் அங்கே பிறந்தவள்; அம்மாவின் அம்மாவும். அயர்லாந்து மண்ணை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. ஆனால் வாசலில் நான்கு ஐரிஷ் கொடி, சுவர் முழுக்க ஐரிஷ் தட்டு, கழிப்பறையில்கூட ஓர் ஐரிஷ் ஆசீர்வாதம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். மார்ச் முழுவதும் தலைமுதல் கால்வரை பச்சை. ‘எங்க ஜனம்’, ‘எங்க நாடு’ என்று அவள் சொல்லும்போதெல்லாம், யார் ஜனம், யார் நாடு என்று டிம்ப்னாவுக்கு நாக்கு நுனிவரை வரும்.

அந்தக் கேள்வியை அவள் லொரேனிடம் கேட்டதில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வாராவாரம் மொனகனில் இருக்கும் அம்மா கான்செப்டாவோடு போனில் பேசுவாள். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் ஒலியைக் கூட்டி, போனைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

“என்னடி, உங்க பச்சை மகாராணி இந்த வாரம் என்ன வேஷம்?” என்று கேட்பாள் அம்மா.

“இந்த வாரம் காதுல பச்சை விளக்கும்மா. மினுக்கு மினுக்குன்னு எரியுது.”

“மாதாவே. பேட்டரி எங்க வெச்சிருக்கா?”

இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்கள். அந்நிய ஊரில் டிம்ப்னாவுக்கு வாரத்துக்கு ஒரு முறை கிடைத்த சந்தோஷம் அதுதான். அதை அவள் தவறென்று நினைக்கவில்லை.

இனி ரொட்டி விஷயத்துக்கு வரலாம். புனித ஃபினியன் பங்குக் கோயிலில் ஒவ்வொரு மார்ச்சிலும் ஐரிஷ் சோடா ரொட்டிப் போட்டி உண்டு. முதல் பரிசு டப்ளினுக்குப் போய்வர இரண்டு விமான டிக்கெட். பதினோரு வருடமாக அதை ஜெயித்து வந்தவள் லொரேன். ஜெயிப்பாள், ஆனால் போக மாட்டாள். ஒரு வருடம் டிக்கெட் மருமகனுக்குப் போகும், ஒரு வருடம் கன்னியாஸ்திரீகளுக்கு, ஒரு வருடம் பள்ளிக்கூட ஏலத்துக்கு. கேட்டால் விமானம் என்றால் பயம் என்பாள்.

லொரேன் ரொட்டி சுடும் நாளில், வீட்டைச் சூடாக்கும் குழாய் வழியாக வாசனை மாடிக்கு ஏறி வரும். சர்க்கரை, வெண்ணெய், முட்டை, உலர்திராட்சை, அதற்கு மேல் சோம்பு போலிருக்கும் ஏதோ ஒரு விதை. டிம்ப்னா மூக்கைச் சுளிப்பாள். கோதுமை மாவு, மோர், ஆப்பச்சோடா, உப்பு. இந்த நான்கு போக ஐந்தாவதாக ஒன்றைப் போட்டால் அது ரொட்டி இல்லை என்பது அவள் அறிந்த வேதம்.

போன வருடம் அவளுக்கு அந்த டிக்கெட் வேண்டியிருந்தது. மகள் மேவ் பிறந்து எட்டு மாதமாகியிருந்தது. கான்செப்டாவுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் பிராணவாயுக் குழாயோடுதான் வாசம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தியை அவள் போன் திரையில்தான் பார்த்திருந்தாள். எம்மெட்டின் சேமிப்பைக் கூரை ரிப்பேர் விழுங்கிவிட்டது. ஆகவே டிம்ப்னா போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். தோற்போம் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை. ஐரிஷ் ரொட்டிப் போட்டியில் கலந்துகொள்ளும் ஒரே ஐரிஷ்காரி அவள்.

அம்மா செய்கிறபடியே செய்தாள். தடித்த பழுப்பு ரொட்டி, நடுவே சிலுவைக் கீறல். பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டி மேசையில் வைத்தார்கள். பதினேழு ரொட்டிகளில் அவளுடையது பதினேழாவது இடம். நடுவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டை அவள் இரண்டு முறை படித்தாள். ‘நல்ல முயற்சி. சற்று வறட்சி. உண்மையான ஐரிஷ் சுவை இதில் இல்லை.’

“விடு டிம்ப், அவங்களுக்கு என்ன தெரியும்?” என்றான் எம்மெட்.

“தெரியாதுன்னுதான் சொல்றேன். தெரியாதவங்க எதுக்குடா மார்க் போடறாங்க?”

லொரேன் பன்னிரண்டாவது முறையாக ஜெயித்தாள். மருமகளிடம் வந்து, “மனசுல வெச்சுக்காத கண்ணு. உன்னோடது உடம்புக்கு நல்லது” என்றாள். அந்த ஆறுதலைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று டிம்ப்னாவுக்குப் பட்டது. டிக்கெட்டை எனக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளால் கேட்க முடியவில்லை. காதில் பச்சை விளக்கு எரியும் ஒருத்தியிடம் அயர்லாந்துக்குப் போக அனுமதி கேட்பதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அந்தச் சீட்டைப் படித்துக் காட்டினாள். அந்த வாரம் லொரேன் டிக்கெட்டைப் பள்ளிக்கூட ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

வருடம் திரும்பியது. கான்செப்டா இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னாள். சிரிப்பு வந்தால் இருமல் பிடித்துக்கொண்டது. “பிள்ளை நடக்கறாளாமே. என்னைப் பார்க்க நடந்தே வந்துடச் சொல்லு” என்றாள் ஒருநாள். போனை வைத்துவிட்டு டிம்ப்னா மேசையருகே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மேவுக்கு ஜூலையில் இரண்டு வயது. அதுவரை அவளை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டு டிக்கெட் மூன்று பேருக்குப் போதும். இந்த மார்ச்சை விட்டால் அம்மாவுக்கு அடுத்த மார்ச் உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் லொரேன் போட்டியில் இல்லை. பன்னிரண்டு தடவை ஜெயித்தது போதும், மற்றவர்களுக்கும் வழி விடுங்கள் என்று கமிட்டி அவளைத் தலைமை நடுவராக்கிவிட்டது. இந்தச் செய்தி கேட்ட அன்றே டிம்ப்னா என்ன செய்வதென்று முடிவு செய்துவிட்டாள். அவர்களுக்கு ஐரிஷ் ரொட்டி வேண்டாம். லொரேனின் ரொட்டிதான் வேண்டும். கொடுத்துவிட்டால் போயிற்று.

லொரேன் ஊர்வலக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன ஒரு மாலையில் அவள் கீழே இறங்கினாள். சமையலறை அலமாரியில் பச்சைத் தகரப் பெட்டி. அதில் சமையல் குறிப்புச் சீட்டுகள். சோடா ரொட்டிச் சீட்டில் வெண்ணெய்க் கறை. கடைசி வரி மட்டும் அடிக்கோடிட்டு இருந்தது: ‘ஆரஞ்சுத் தோல் துருவல், அரைக் கரண்டி. யாரிடமும் சொல்லாதே.’ டிம்ப்னா போனில் படம் எடுத்துக்கொண்டாள். திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு நாட்டையே எடுத்து வைத்துக்கொண்டவர்களிடமிருந்து ஒரு சீட்டை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

போட்டிக்கு முந்தின நாள், லொரேன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுட்டாள். சர்க்கரையைக் கொட்டும்போது அருவருத்தாள். விதையைத் தூவும்போது, “தின்னுங்க, நல்லா தின்னுங்க” என்று வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை மாலை கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆற்றைப் பார்த்துவிட்டு நேரே வந்தவர்கள் பாதிப் பேர். இரண்டு பேர் ஏற்கெனவே சுவரோரம் தூங்கிவிட்டார்கள். மேசையில் பத்தொன்பது ரொட்டி. லொரேன் பச்சைத் தொப்பியோடு, கழுத்தில் பச்சை மணி மாலையோடு, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பதினான்காம் எண் ரொட்டியில் ஒரு கடி கடித்ததும் அவள் மெல்வது நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. பிறகு நிதானமாக முழுத் துண்டையும் தின்று முடித்து, சீட்டில் எழுதினாள். டிம்ப்னா தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். பிடித்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில் பதினான்காம் எண்ணைப் படித்தார். மண்டபம் கைதட்டியது. டிக்கெட் உறை கைக்கு வந்தது. “ரெண்டு வார்த்தை சொல்லும்மா” என்றார் சாமியார்.

நான்கு வருடமாகத் தொண்டையில் நின்றதை அவள் சொன்னாள்.

“போன வருஷம் எங்கம்மா செய்யற ரொட்டிய கொண்டு வந்தேன். ஐரிஷ் சுவை இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. இந்த வருஷம் உங்களுக்குப் புடிச்சதச் செஞ்சேன். எங்க ஊர்ல இதுக்குப் பேரு கேக். மெழுகுவத்தி ஏத்தி வெட்டுவோம். வெளிய நடக்கறதும் அப்படித்தான். எங்க ஊர்ல யாரும் உங்கள மாதிரி இல்ல. நீங்க யாரும் எங்க ஊர்க்காரங்களும் இல்ல.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். “இதுதான்யா அசல் ஐரிஷ் நக்கல்” என்று யாரோ கத்தினார்கள். ரத்தம் கொடுத்த அந்தப் போலீஸ்காரர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் அறைந்தாலும் திருவிழா என்று கொண்டாடுகிற ஜனம். டிம்ப்னாவுக்கு எரிச்சலில் முகம் சிவந்தது. சிரிக்காமல் இருந்தவள் லொரேன் ஒருத்திதான்.

கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்துச் சமையலறையில் லொரேன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிவைத்திருந்தாள், நரைத்த முடி நசுங்கிப் படிந்திருந்தது. டிம்ப்னா குழந்தையின் பால் புட்டியை எடுக்க உள்ளே வந்தாள்.

“ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்றாள் லொரேன், திரும்பாமல். “அரைக் கரண்டின்னா தலை தட்டி அளக்கணும்.”

டிம்ப்னாவின் கை புட்டியிலேயே நின்றது.

“தெரிஞ்சேதான் மார்க் போட்டீங்களா?”

“வேற யாருக்குப் போடறது? உங்கம்மாவுக்குத்தான் முடியலையே.”

“எங்கம்மாவுக்கு முடியலன்னு உங்களுக்கு...” எம்மெட் சொல்லியிருப்பான் என்று நினைத்தாள். வேறொன்றைக் கேட்டாள். “அப்ப போன வருஷம் ஏன் குடுக்கல? எட்டு மாசக் குழந்தை. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக் குடுத்தீங்களே.”

லொரேன் குழாயை மூடினாள்.

“குடுக்கத்தான் மாடி ஏறினேன். ஞாயித்துக்கிழமை. உறை கையில இருந்துச்சு. நீ உங்கம்மாகிட்ட அந்தச் சீட்டப் படிச்சிட்டு இருந்த. அப்புறம் காதுல விளக்கு. பேட்டரி எங்க வெச்சிருக்கான்னு. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க. எறங்கி வந்துட்டேன்.”

டிம்ப்னா புட்டியை மேசைமேல் வைத்தாள்.

“அன்னிக்கு மட்டும் இல்ல. ரொட்டி வாசனை மேல வர்ற குழாயில உங்க பேச்சு கீழ வராதா? நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை சாப்பாடு எனக்கு அதோடதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டிம்ப்னா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவளுக்குப் பேசத் தெரியும். வேறு வழி தெரியாமல், பல வருடமாக எல்லோரும் கேட்கும் கேள்வியை அவளும் கேட்டாள்.

“பன்னெண்டு தடவை ஜெயிச்சீங்களே. ஒரு தடவையாவது போயிருக்கலாமே. விமானம் அவ்வளவு பயமா?”

“விமானத்துக்கு என்ன பயம்? ஃப்ளோரிடாவுக்கு வருஷா வருஷம் போறேன்” என்றாள் லொரேன். “அங்க போய் எறங்கினா, நீ என்னைப் பாக்கற மாதிரிதானே எல்லாரும் பாப்பாங்க? இங்க நான் ஐரிஷ்காரி. அங்க நான் யாரு?”

அப்படி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல டிம்ப்னா வாயைத் திறந்தாள். மொனகன் கடைவீதியை நினைத்துப் பார்த்தாள். கடைக்காரர் ஓவனின் ஓரக்கண் சிரிப்பு, பூசை முடிந்து வெளியே வரும் பெண்கள், மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தன் அம்மா. பார்ப்பார்கள். அப்படித்தான் பார்ப்பார்கள்.

லொரேன் கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினாள். அங்கேயே அடுப்பில் சுட்டது, இன்னும் சூடாக இருந்தது. அவள் போட்டியில் வைக்க முடியாத ரொட்டி.

“நாளைக்குத் துணியில சுத்தி ஃப்ரீசர்ல வெச்சிடு, கிளம்பற அன்னிக்கு எடுத்துக்கலாம். கெடாது. உங்கம்மா டீயில தொட்டு மெதுவா சாப்பிடட்டும், தொண்டைக்கு இதமா இருக்கும்” என்றாள். பிறகு மறுபடியும் குழாயைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு, “நான் செஞ்சதுன்னு மட்டும் சொல்லாத” என்றாள்.

டிம்ப்னா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.